ஓடாத பழங்கார்கள்: புதுப்பிப்பதா, அப்படியே காப்பதா?

பல ஆண்டுகள் ஓடாமல் நின்றுபோன ஒரு பழைய கார் கிடைத்தால் அதை என்ன செய்வது என்ற கேள்விக்கு மூன்று விடைகள் உள்ளன. தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபோது இருந்த நிலைக்கு அதை முழுமையாகத் திருப்பலாம். இது புதுப்பித்தல் எனப்படும். மேலும் சிதையாதபடி தடுத்து, கிடைத்த கோலத்திலேயே வைத்திருக்கலாம். இது பாதுகாத்தல். பெயிண்டையும் இருக்கைகளையும் தொடாமல் எஞ்சின், பிரேக் போன்றவற்றை மட்டும் பழுதுபார்த்து ஓடச் செய்யலாம். இது இயக்கநிலைக்குக் கொண்டுவருதல்.

20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் முதல் வழியே இயல்பானதாகக் கருதப்பட்டது. பின்னர் அந்தக் கருத்து படிப்படியாக மாறியது. ஓடாத காரை ஓடவைப்பது மட்டுமே அதைக் காப்பாற்றுவது ஆகாது. சில வேளைகளில் அதுவே காரின் வரலாற்றை அழித்துவிடும் என்ற புரிதல் உருவானது. இந்த மாற்றத்தைச் சில புகழ்பெற்ற கார்களின் வழியாகக் காணலாம்.

ஓடினால்தான் கார்

பழைய கார்களை மதிக்கும் வழக்கம், அவற்றை ஓட்டிக் காட்டுவதில்தான் தொடங்கியது. பிரிட்டனில் சாலை வாகனங்களுக்கான வேக வரம்பு தளர்த்தப்பட்டதைக் கொண்டாட 1896 நவம்பர் 14 அன்று லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு ஒரு கார் ஊர்வலம் நடந்தது. 1927இல் அதன் நினைவாக மீண்டும் ஓர் ஊர்வலம் நடத்தப்பட்டது. அதற்குள் தொடக்ககாலக் கார்கள் வழக்கொழிந்திருந்தன. கொட்டகைகளில் கிடந்தவற்றைத் தேடியெடுத்து ஓடவைத்தவர்களே முதல் பழங்கார் ஆர்வலர்கள். 1930இல் பிரிட்டனிலும் 1935இல் அமெரிக்காவிலும் இத்தகையோருக்கான சங்கங்கள் தோன்றின.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அழகுப் போட்டிகள் பெருகின. கலிபோர்னியாவின் பெபிள் பீச்சில் 1950இல் தொடங்கிய போட்டி இவற்றுள் புகழ்பெற்றது. இத்தகைய போட்டிகளில் கீறலும் மங்கிய குரோம் பூச்சும் குறைகளாகக் கருதப்பட்டன. ஆகவே உரிமையாளர்கள் காரைக் கடைசி ஆணி வரை பிரித்து, பழைய பெயிண்டை வெறும் தகடு தெரியும்வரை சுரண்டி, இருக்கைத் தோலைக் கிழித்தெறிந்து, எல்லாவற்றையும் புதிதாகச் செய்தனர். தொழிற்சாலையில்கூடக் கிடைத்திராத பளபளப்பு அவற்றுக்கு ஏறியது.

இதில் இழந்தவை கண்ணுக்கு எளிதில் தெரிவதில்லை. 1920களிலும் 1930களிலும் உயர்தரக் கார்களின் உடற்பகுதியைத் தனிப் பட்டறைகள் கையால் செய்தன. மரச்சட்டத்தின் மீது தகட்டை அடித்துப் பொருத்திய சுத்தியலின் தடம், தூரிகை ஓடிய திசை, ஓட்டுநரின் கால்பட்டுத் தேய்ந்த பெடல், வறிய காலத்தில் உரிமையாளர் போட்ட ஒட்டு ஆகிய அனைத்தும் அந்தக் காலத்துக்குச் சான்றுகள். அவற்றைச் சுரண்டியபின் திரும்பப் பெற முடியாது.

நின்ற காருக்குள் நடப்பது

இந்த முடிவு ஏன் கடினமானது என்பதை அறிய, ஓடாமல் நிற்கும் காருக்குள் நடப்பதையும் அறிய வேண்டும். சிலிண்டரின் உட்சுவரில் இருக்கும் எண்ணெய்ப் படலம் காலப்போக்கில் வடிந்துவிடும். ஈரக்காற்று புகுந்ததும் பிஸ்டன் வளையங்கள் சுவரோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் இறுகிவிட்டது என்று மெக்கானிக்குகள் சொல்வது இந்த நிலையைத்தான். டாங்கிலும் கார்புரேட்டரிலும் தங்கிய பெட்ரோல் ஆவியாகி, பிசின் போன்ற படிவை விட்டுச்செல்லும். பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சுவதால் பிரேக் சிலிண்டர்கள் உள்ளே அரிக்கும். ரப்பர் குழாய்கள் வெடிக்கும். மரச்சட்டம் உளுத்துப் போகும்.

இந்த நிலையில் அவசரப்பட்டு பேட்டரி மாட்டி ஸ்டார்ட் செய்ய முயன்றால், இறுகிய வளையங்கள் உடைந்து சிலிண்டரைக் கீறிவிடும். எனவே ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, துருவிளக்கும் எண்ணெயை விட்டு, நாள்கணக்கில் ஊறவைத்து, கையால் மெல்லத் திருப்பிப் பார்ப்பதே முறை. பிரேக்கும் டயரும் பாதுகாப்போடு தொடர்புடையவை. அவற்றை மாற்றாமல் எந்தப் பழைய காரையும் சாலையில் இறக்க முடியாது. ஆக, ஓடவைப்பது என்று முடிவெடுத்தாலே சில அசல் பாகங்களை இழக்கத்தான் வேண்டும். எவற்றை இழக்கலாம், எதற்காக என்பதே கேள்வி.

மணலிலிருந்து எழுந்த பாப்ஸ்

புதுப்பிப்பதற்கு வலுவான காரணம் இருந்த ஒரு கார் பாப்ஸ். பந்தய ஓட்டுநரான கோமகன் லூயி ஸ்போரோவ்ஸ்கி, 27 லிட்டர் கொள்ளளவுள்ள லிபர்ட்டி விமான எஞ்சினைப் பொருத்தி ஹையம் ஸ்பெஷல் என்ற காரை உருவாக்கினார். 1924இல் மோன்ஸா பந்தயத்தில் அவர் இறந்தபின் அதை ஜே. ஜி. பாரி-தாமஸ் என்ற வேல்ஸ் நாட்டுப் பொறியாளர் வாங்கினார். அதை மாற்றியமைத்து பாப்ஸ் எனப் பெயரிட்டார். 1926 ஏப்ரலில் வேல்ஸின் பென்டைன் கடற்கரை மணலில் மணிக்கு 171 மைல், அதாவது ஏறத்தாழ 275 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி, நிலவேக உலகச் சாதனை படைத்தார்.

1927 பிப்ரவரியில் மால்கம் காம்ப்பெல் அதே கடற்கரையில் அந்தச் சாதனையை முறியடித்தார். அதை மீட்க மார்ச் 3 அன்று பாரி-தாமஸ் மீண்டும் களமிறங்கினார். அதிவேகத்தில் சென்ற பாப்ஸ் கட்டுப்பாட்டை இழந்து புரண்டது. அவர் அங்கேயே உயிரிழந்தார். நொறுங்கிய காரை அந்த மணல்மேட்டிலேயே குழிதோண்டிப் புதைத்துவிட்டனர்.

42 ஆண்டுகளுக்குப் பின், 1969இல், ஓவன் வின் ஓவன் என்ற பொறியியல் விரிவுரையாளர் அதைத் தோண்டியெடுத்தார். ஒருவர் உயிரிழந்த காரை மீண்டும் எழுப்பலாமா என்பது எளிதில் விடைசொல்லக்கூடிய கேள்வி அன்று. புதைத்தவர்கள் அதை ஓர் அடக்கமாகவே கருதினர். மறுபுறம், பாரி-தாமஸின் பொறியியல் அறிவுக்குச் சான்றான அந்த எந்திரம் உப்பு மணலில் அரித்துக்கொண்டிருந்தது. அங்கேயே விட்டிருந்தால் எதுவும் மிஞ்சியிருக்காது. வெளியே எடுத்து அப்படியே வைத்தாலும், பார்ப்பவர்களுக்கு அது எப்படிப்பட்ட கார் என்று விளங்கியிராது.

ஓவன் பல ஆண்டுகள் உழைத்து அதை மீண்டும் ஓடும் நிலைக்குக் கொண்டுவந்தார். உடல் தகடுகள் பெருமளவு புதிதாகச் செய்யப்பட்டவை. ஆனாலும் அந்த எஞ்சின் முழங்கும்போது, 1926இல் ஒரு மனிதர் எதன் மீது அமர்ந்து அவ்வளவு வேகத்தில் சென்றார் என்பது கேட்பவருக்குப் புரிகிறது. பாப்ஸின் வரலாறு அதன் வேகத்தில் இருந்தது. அந்த வேகத்தை உணர்த்தவே புதுப்பித்தல் தேவைப்பட்டது.

எத்தனை பாகம் மாறினால் கார் மாறும்?

புதுப்பித்தலுக்கு எல்லை உண்டா என்ற கேள்வி லண்டன் உயர் நீதிமன்றம் வரை சென்றது. ஓல்ட் நம்பர் ஒன் எனப்படும் பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ் கார், 1929, 1930 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பிரான்சின் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தில் வென்றது. பின்னர் அதில் 8 லிட்டர் எஞ்சின் பொருத்தப்பட்டது. 1932இல் புரூக்லண்ட்ஸ் பந்தயத்தடத்தில் அது விபத்துக்குள்ளானபோது ஓட்டுநர் கிளைவ் டன்ஃபி இறந்தார். அதன்பின் வேறு உடலோடு மீண்டும் கட்டப்பட்டது. ஒவ்வொரு மாற்றத்திலும் பழைய பாகங்கள் உதிர்ந்து, புதியவை சேர்ந்தன.

இந்தக் காரை 1 கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்புக்கொண்ட ஒரு நிறுவனம், இது அந்தப் பழைய கார் அன்று என்று கூறிப் பின்வாங்கியது. 1990இல் நீதிபதி ஓட்டன் விற்பவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். 1930இல் லெ மானில் ஓடிய காரின் பொருள்களில் மிகச் சிலவே அதில் எஞ்சியிருந்தன. எனினும் அந்தக் கார் எந்தக் காலத்திலும் மறைந்துபோய் வேறொன்று அதன் இடத்துக்கு வரவில்லை. அதன் வரலாறு அறுபடாமல் தொடர்ந்ததால், அந்தப் பெயருக்கு அது உரியது என்பது தீர்ப்பின் சாரம்.

இத்தீர்ப்பு அசல் பொருள், அறுபடாத அடையாளம் என்ற இரண்டையும் பிரித்துக் காட்டியது. ஓடிக்கொண்டிருக்கும் கார் பல பத்தாண்டுகளில் சிறிது சிறிதாக மாறுவது அதன் வாழ்க்கையின் பகுதி. ஆனால் நின்றுபோன ஒரு காரின் பாகங்களை ஒரே பட்டறையில், ஒரே ஆண்டில் மாற்றுவது அப்படிப்பட்டதன்று. அங்கே தொடர்ச்சி என்ற வாதம் மெலிந்துவிடுகிறது.

ஏரியடியில் கிடந்த புகாட்டி

பாப்ஸுக்கு நேரெதிரான முடிவு எடுக்கப்பட்ட கார், 1925இல் செய்யப்பட்ட புகாட்டி டைப் 22 பிரெஷா. சுவிட்சர்லாந்தின் அஸ்கோனா நகரில் இருந்த இந்தக் காருக்கு இறக்குமதி வரி செலுத்தப்படவில்லை. 1930களில் சுங்க அதிகாரிகள் அதை மஜ்ஜோரே ஏரியில் இறக்கிவிட்டனர். பிறகு தேவைப்பட்டால் எடுக்கலாம் என்று சங்கிலியில் கட்டியிருந்ததாகவும், சங்கிலி அரித்து அறுந்ததால் கார் ஆழத்துக்குச் சென்றுவிட்டதாகவும் கூறப்படுகிறது. 1967இல் முக்குளிப்போர் அதை 50 மீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில் கண்டனர். அதன்பின் பல ஆண்டுகள் அது அவர்கள் போய்ப் பார்த்துவரும் இடமாக இருந்தது.

2009 ஜூலையில் அது வெளியே தூக்கப்பட்டது. தாக்குதலில் உயிரிழந்த ஓர் உள்ளூர் இளைஞரின் நினைவாகத் தொடங்கப்பட்ட அறக்கட்டளைக்கு நிதி திரட்டுவதே நோக்கம். 2010 ஜனவரியில் பாரிசில் நடந்த ஏலத்தில் 2,60,500 யூரோவுக்கு அது விலைபோனது. சேற்றில் புதைந்திருந்த ஒரு பக்கம் ஓரளவு தப்பியிருந்தது. மறுபக்கம் தகடு கரைந்து எலும்புக்கூடாகியிருந்தது.

அதை வாங்கிய அமெரிக்கச் சேகரிப்பாளர் பீட்டர் மல்லின், புதுப்பிக்கவில்லை. கலிபோர்னியாவில் 2010இல் தான் தொடங்கிய அருங்காட்சியகத்தில் ஏரியிலிருந்து வந்த கோலத்திலேயே காட்சிக்கு வைத்தார். பிரெஷா வகையில் ஓடும் கார்கள் வேறு இருக்கின்றன. இதைப் புதுப்பித்திருந்தால் அவற்றோடு இன்னொன்று சேர்ந்திருக்கும். அதிலும் பெரும்பாலானவை புதிய பாகங்களாக இருந்திருக்கும். எழுபதாண்டுக்கும் மேலாக நீருக்கடியில் கிடந்த புகாட்டி என்பது இது ஒன்றே. துருவே இதன் வரலாறு.

காலப்பெட்டியில் துருவேறிய பிளிமத்

சில கார்களில் முடிவை இயற்கையே எடுத்துவிடுகிறது. அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலம் உருவான 50ஆம் ஆண்டு நிறைவையொட்டி, 1957 ஜூன் 15 அன்று டல்சா நகர நீதிமன்ற வளாகத்தில் ஒரு புத்தம் புதிய பிளிமத் பெல்வெடியர் கார் கான்கிரீட் பெட்டகத்தில் புதைக்கப்பட்டது. 2007இல் திறப்பது திட்டம். அந்த ஆண்டில் டல்சாவின் மக்கள்தொகை எவ்வளவு இருக்கும் என்று சரியாகக் கணிப்பவருக்குக் கார் பரிசு. வருங்காலத்தில் பெட்ரோலே கிடைக்காமல் போகலாம் என்று எண்ணி, பெட்ரோலையும் உடன் வைத்திருந்தனர்.

2007 ஜூனில் பெட்டகத்தைத் திறந்தபோது உள்ளே நீர் தேங்கியிருந்தது. கார் முழுவதும் துருவும் சேறும் படிந்திருந்தது. பரிசுக்குரியவர் பல ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டதால் கார் அவருடைய உறவினர்களுக்குச் சென்றது. துரு நீக்கும் தொழில் செய்யும் ஒரு நிறுவனம் அதைக் கவனமாகத் தூய்மைப்படுத்தியது. பெயிண்டின் நிறம் சில இடங்களில் வெளிப்பட்டது. ஆனால் உலோகம் காகிதம்போல் மெலிந்திருந்தது. ஓடவைக்க வேண்டுமானால் சேசிஸ் முதல் அனைத்தையும் மாற்ற வேண்டும். அப்படி மாற்றினால் எஞ்சுவது 1957இல் புதைத்த கார் ஆகாது. அதே மாதிரி பிளிமத் காரை நல்ல நிலையில் குறைந்த விலைக்கு வாங்கவும் முடியும். எனவே தூய்மைப்படுத்தியதோடு நிறுத்திக்கொண்டனர். இப்போது அது இல்லினாய் மாநிலத்தின் ரோஸ்கோ நகர அருங்காட்சியகத்தில் உள்ளது.

துருவுக்கும் விலை வந்த காலம்

21ஆம் நூற்றாண்டில் சந்தையும் மாறியது. பிரான்சில் லாரித் தொழில் நடத்திய ரோஜர் பையோன், அருங்காட்சியகம் அமைக்கும் எண்ணத்தோடு பழைய கார்களை வாங்கிக் குவித்தார். தொழில் நொடித்ததால் ஒரு பகுதி விற்கப்பட்டது. எஞ்சிய ஏறத்தாழ 60 கார்கள் பண்ணைக் கொட்டகைகளில் பல பத்தாண்டுகள் கிடந்தன. 2015 பிப்ரவரியில் பாரிசில் அவை ஏலம் விடப்பட்டன. தூசியைக்கூடத் துடைக்காமல் காட்சிக்கு வைத்தனர். 1961ஆம் ஆண்டின் ஒரு ஃபெராரி 250 ஜிடி கலிபோர்னியா ஸ்பைடர் மட்டும் 1 கோடியே 60 லட்சம் யூரோவுக்கு மேல் விலைபோனது. தொடப்படாத நிலையே ஒரு மதிப்பாக மாறியிருந்ததை இந்த ஏலம் காட்டியது.

பெபிள் பீச் போட்டியும் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் புதுப்பிக்கப்படாத கார்களுக்குத் தனிப் பிரிவை ஏற்படுத்தியது. 2024இல் அந்தப் பிரிவில் பங்கேற்ற 1934ஆம் ஆண்டின் புகாட்டி டைப் 59 கார், போட்டியின் தலைசிறந்த கார் என்ற விருதை வென்றது. பாதுகாக்கப்பட்ட ஒரு காருக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் முறை.

ஆனால் புதுப்பித்தல் வழக்கொழிந்துவிடவில்லை. அதன் முறை மாறியது. போர்ஷ அருங்காட்சியகத்திடம் அதன் தொடக்ககால 911 கார் ஒன்று இல்லாதிருந்தது. 2014இல் ஜெர்மனியின் ஒரு கொட்டகையில், 1964 அக்டோபரில் செய்யப்பட்ட 57ஆம் எண் கார் துருப்பிடித்த நிலையில் கிடைத்தது. போர்ஷ நிறுவனம் 901 என்று முதலில் வைத்த பெயரை, பெஜோ நிறுவனத்தின் எதிர்ப்பால் 911 என்று மாற்றுவதற்கு முன் வந்த கார் அது. அருங்காட்சியகம் அதை வாங்கி, மூன்று ஆண்டுகள் செலவிட்டுப் புதுப்பித்து, 2017 டிசம்பரில் காட்சிக்கு வைத்தது. இயன்றவரை அசல் பாகங்களைத் துண்டுகளாகவேனும் தக்கவைத்துப் பழுதுபார்ப்பது, மாற்ற நேர்ந்தால் அக்காலத்தைச் சேர்ந்த பாகங்களையே தேடிப் பொருத்துவது என்பது அவர்கள் கொண்ட நெறி. தொகுப்பில் ஒரு வெற்றிடம் இருந்தது. அதை நிரப்பும் வகையில் எடுக்கப்பட்ட முடிவு இது.

டுரின் சாசனம்

பழைய கட்டடங்களைக் காப்பதற்கான நெறிகளை 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் வகுத்தது. அதைப் பின்பற்றி, 1966இல் தொடங்கப்பட்ட பழங்கால வாகனங்களுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பு 2012இல் டுரின் சாசனத்தை உருவாக்கியது. குறைந்தது 30 ஆண்டுகள் பழமையான, அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படாத வாகனங்களை இக்கூட்டமைப்பு பழங்கால வாகனங்களாகக் கருதுகிறது.

சாசனத்தின் கருத்து எளிமையானது. வாகனத்தில் இயன்றவரை குறைவாகவே கைவைக்க வேண்டும். காலப்போக்கில் உரிமையாளர்கள் செய்த மாற்றங்களும் வரலாற்றின் பகுதியே. புதிதாகச் சேர்க்கும் பாகம் அசலிலிருந்து பிரித்தறியக்கூடியதாக இருக்க வேண்டும். செய்த வேலை ஒவ்வொன்றையும் பதிவுசெய்ய வேண்டும். அதே சமயம், வாகனம் ஓடுவதற்காகச் செய்யப்பட்டது என்பதால் அதன் இயக்கத்தையும் சாசனம் மதிக்கிறது. கட்டடங்களுக்கு இல்லாத இந்த இரட்டைத்தன்மைதான் கார்களைப் பற்றிய முடிவைச் சிக்கலாக்குகிறது.

இந்திய விதிகள்

இந்தியாவில் இந்த முடிவுக்குச் சட்டத்தின் பக்கமும் உண்டு. மைய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஜூலையில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, முதல் பதிவுக்குப் பின் 50 ஆண்டுகளைக் கடந்த இருசக்கர, நான்குசக்கர வாகனங்களை விண்டேஜ் வாகனங்களாகப் பதிவுசெய்யலாம். சேசிஸ், உடற்பகுதி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாமல் அசல் வடிவிலேயே வைத்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய் கட்டணம். கண்காட்சி, பேரணி, ஆய்வு, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே இவற்றைச் சாலையில் ஓட்டலாம். வழக்கமான பயணத்துக்கோ வணிகத்துக்கோ பயன்படுத்த முடியாது. பழைய காரில் இன்றைய எஞ்சினைப் பொருத்தி ஓட்ட எண்ணுபவர் இந்தத் தகுதியை இழக்க நேரும்.

முடிவெடுக்க உதவும் கேள்விகள்

மேற்கண்ட கார்கள் அனைத்துக்கும் பொருந்தும் ஒரே விதி இல்லை. ஆனால் அவற்றிலிருந்து சில கேள்விகளைப் பெறலாம்.

முதலாவது, இந்தக் கார் எதற்குச் சான்று? பாப்ஸ் வேகத்துக்குச் சான்று. ஏரியடிப் புகாட்டி தனக்கு நேர்ந்த விதிக்குச் சான்று. இரண்டாவது, அசல் பொருள் எவ்வளவு எஞ்சியுள்ளது? பாதிக்கு மேல் புதிதாகச் செய்ய வேண்டியிருந்தால், கிடைப்பது ஒரு நகலுக்கு நெருக்கமானது. மூன்றாவது, இதே வகைக் கார் வேறெங்கேனும் ஓடும் நிலையில் இருக்கிறதா? இருந்தால் இதைக் கலைக்க வேண்டிய தேவை குறைவு. நான்காவது, செய்யப்போகும் வேலையைப் பின்னால் வருபவர் திருப்ப முடியுமா? பிரேக் குழாயை மாற்றி, பழையதை ஒரு பெட்டியில் போட்டுவைக்கலாம். சுரண்டிய பெயிண்டை அப்படி வைக்க முடியாது.

ஐந்தாவது, பணமும் காலமும். சாதாரணக் கார்களில் முழுப் புதுப்பித்தலின் செலவு பெரும்பாலும் காரின் சந்தை மதிப்பைத் தாண்டிவிடும். பிரித்துப் போட்டபின் பணமின்றிக் கைவிடப்பட்ட கார்கள் ஏராளம். அவை துருப்பிடித்து நின்ற கார்களைவிட மோசமான நிலையை அடைகின்றன; பாகங்கள் சிதறித் தொலைந்தும் போகின்றன.

ஐயம் இருக்குமானால் காத்திருப்பதே பாதுகாப்பானது. காரை நனையாத, காற்றோட்டமான இடத்துக்கு மாற்றி, எலியும் பூச்சியும் அண்டாமல் பார்த்து, எங்கும் கைவைக்கும் முன் எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து, எண்களைக் குறித்துவைப்பதற்குப் பெரிய செலவு ஆகாது. பாதுகாத்த காரைப் பத்தாண்டுகள் கழித்தும் புதுப்பிக்கலாம். ஆனால் புதுப்பித்துவிட்ட காரைப் பழைய நிலைக்குக் கொண்டுபோக எந்தப் பட்டறையாலும் முடியாது.